சிலம்பாயியின் வாரம்

மேகம் இறங்கி வந்து மேடையை எட்டிப் பார்க்கின்ற இந்த மலையிலே, களையெடுப்பையும் காட்டு வேலையையும் ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடியிருக்கின்ற உழைப்பின் உரிமையாளர்களே! இந்த அவைக்குத் தலைமையேற்று, கட்டிய தலைப்பாகை கலையாமல் இரண்டு மணி நேரமாக நிமிர்ந்தே அமர்ந்திருக்கின்ற ஊராட்சித் தலைவர், பெருமதிப்பிற்குரிய செல்லமுத்து ஐயா அவர்களே! இம்மலையின் திருப்புலி நாட்டிலிருந்தும் குண்டூர் நாட்டிலிருந்தும் நடந்தே வந்து சேர்ந்திருக்கின்ற நாட்டுப் பெரியவர்களே! இடுப்பில் குழந்தையும் தலையில் முக்காடுமாக நிழல் தேடி அமர்ந்திருக்கின்ற என் தாய்மார்களே! கீழேயிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கின்ற என் சக அலுவலர்களே! உங்கள் அனைவரையும் ஆரோக்கியமேரி என்கின்ற இந்த மணப்பாறைக்காரி இரு கை கூப்பி வணங்குகிறேன்.

கை தட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் பேசி முடித்தபிறகு தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

வழக்கமாக இந்த மேடையில் ஏறுகிறவர்கள் இந்த மலையை ஆண்ட, வில் பிடித்த வள்ளலைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். அருவியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் உங்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இப்போது மணி நான்கு. என் கையிலே இருப்பது ஒரு மானிய ஆணை. ஆலம்பள்ளம் சிற்றருவி மகளிர் குழுவுக்குச் சாமை உமி நீக்கும் இயந்திரமும், கல் பொறுக்கும் இயந்திரமும், பொட்டலம் போடுகிற கருவியும் வாங்கிக்கொள்ள அரசு கொடுக்கின்ற மானியம். இன்று மாலை ஐந்து மணிக்குள் குழுத்தலைவியின் கையெழுத்து இதில் விழவேண்டும். விழாவிட்டால் இந்த ஆணை செல்லாது. அடுத்த வரிசைக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தால் ஆயிற்று, இதற்கு எதற்கு ஒரு பேச்சு என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது வம்பு! அந்த வம்பை வளர்த்தவள் வேறு யாருமில்லை, உங்கள் முன்னால் நிற்கிற நானேதான்.

கேளுங்கள். போன கார்த்திகை மாதம். இந்தக் குழுவின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு பெண்கள். மானாவாரி நிலத்தில் சாமை விளைவிக்கிறார்கள். உமியோடு மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றி, பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கொண்டுபோய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வருகிறார்கள். அதே சாமை உமி நீங்கி, கல் நீங்கி, கடைத்தெருவில் பளபளவென்று பொட்டலத்தில் உட்கார்ந்தால் மூன்று மடங்கு விலை! விளைவித்தவள் மலையிலே, விலை வைத்தவன் சந்தையிலே, லாபம் மட்டும் எங்கேயோ! இதை மாற்றத்தான் மானியம் கேட்டிருந்தார்கள். நியாயமான கோரிக்கை. நேர்மையான விண்ணப்பம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. மானியம் கேட்பவர்கள் உண்மையான குழுதானா என்று மூன்று வாரம் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டும். முதல் வாரம் அழைத்தேன்.

“குழுத்தலைவி இருக்காங்களா?”

“நாந்தானுங்க. பேரு அத்தாயிங்க.”

எழுதிக்கொண்டேன். இரண்டாவது வாரம் அழைத்தேன்.

“குழுத்தலைவிகிட்ட பேசணும்.”

“பேசிட்டுத்தான் இருக்கறீங்க. வெள்ளையம்மாளுங்க.”

எனக்கு முகம் சுருங்கியது. போன வாரத்துப் பெயரை அடித்துவிட்டு இந்தப் பெயரை எழுதினேன். மூன்றாவது வாரம் அழைத்தேன். புதுக் குரல்.

“தலைவிங்களா? இந்த வாரம் நானுங்க. சிலம்பாயி.”

எனக்குக் கோபம் வரும். மூக்கின் நுனியில் வரும். என்னோடு வேலை பார்க்கிற இமானுவேல் இதோ உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள். அன்றைக்கு வந்தது! “ஒரு குழுவுக்கு எத்தனை தலைவி? போனை எடுக்கிறவளெல்லாம் தலைவியா? அரசாங்கத்தை ஏமாத்தப் பார்க்கிறீங்களா? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் உண்மையானவங்களுக்குக் கிடைக்காமப் போகுது!” என்று சத்தம் போட்டேன். இணைப்பைத் துண்டித்தேன். சிவப்பு மையை எடுத்தேன். ‘நம்பத்தகாத குழு’ என்று எழுதி, அழுத்திக் கோடு போட்டு, கோப்பை மூடினேன். மூடிவிட்டு டீ குடித்தேன், தோழர்களே! நன்றாகவே குடித்தேன்.

என்னங்க அம்மா? ஆமாம், நீங்கள் சிரிப்பது புரிகிறது. உங்களுக்கு விஷயம் தெரியும். எனக்குத் தெரியாதே! கீழேயிருந்து வந்திருப்பவர்களுக்கும் தெரியாதே!

எனக்கு எப்போது தெரிந்தது? மாசி மாதம். மேலே ஒரு கூட்டம் முடித்துவிட்டுப் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். இருபதாவது வளைவு வரைக்கும் நான் அதிகாரி. அதற்குப் பிறகு நான் வெறும் வயிறு. தலை சுற்றி, கண் இருட்டி, ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தார். “ஒண்ணுமில்ல கண்ணு, கண்ணை மூடிக்க. கீழ போனா செரியாப் போயிரும்” என்றார். அப்போது அவர் மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்தார். “ஆமாங்க, நாந்தான் தலைவி. வெள்ளையம்மாளுங்க” என்றார்.

எனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது!

“ஏம்மா, அந்தக் குழுவுக்கு எத்தனை தலைவி?” என்று கேட்டேன். மூன்று வாரம் தொலைபேசியில் விசாரித்தவள், அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டேன்! அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“பன்னெண்டு பேருங்க. வாரத்துக்கு ஒருத்தி. எங்கூர்ல எதுக்கும் மொறைதானுங்க. ஆடு மேய்க்கறதுக்கு மொறை, வாய்க்கா பாக்கறதுக்கு மொறை, கோயல் வெளக்குக்கு மொறை. மொறை யாரோடதோ அவகிட்ட போனு, அவகிட்ட வேலை ரூம்பு சாவி, அவ சொன்னாத்தான் மத்தவிக கேக்கோணும். ஒருத்தியே வருசம் பூராவும் தலைவியா இருந்தா அவளுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாதுங்க.”

கேட்டீர்களா, அலுவலர்களே? மூன்று பெண்களும் மூன்று உண்மை சொன்னார்கள். மூன்று உண்மையைச் சேர்த்து ஒரு பொய்யாக எழுதியவள் நான். எங்கள் படிவத்தில் தலைவியின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இந்த ஊர் அடங்கவில்லை. ஊரைக் குறை சொன்னோமே ஒழிய, கட்டத்தைக் குறை சொன்னோமா? அதைப் போட்டவனைக் கேட்டோமா? இல்லையே!

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இரண்டு நாள் வருத்தப்பட்டு மறந்திருப்பேன். வெள்ளையம்மாள் மேலும் சொன்னார்.

“அடுத்த வாரம் சிலம்பாயி மொறைங்க. ஆனா அவ வரமாட்டேங்கறா. கார்த்திகைல யாரோ ஆபீசரம்மா போன்ல ரொம்பச் சத்தம் போட்டாங்களாம். இவ என்ன பேசுனாளோ, எதைத் தப்பாச் சொன்னாளோன்னு அவளுக்கே தெரியலீங்க. ‘எம்பட வாயாலதான் மெசினு போச்சு, இனி நான் மொறைக்கு வரமாட்டேன்’னு ஊட்டுக்குள்ளயே கெடக்கறா. வேலைக்கும் வாரதில்லைங்க.”

“அப்போ அந்த வாரத்தை வேற யாராவது பாத்துக்கலாமே?” என்றேன்.

“அதெப்படிங்க? அது அவ வாரமுங்க. அவ மொறைய நாங்க எடுத்துக்கிட்டா அவளைத் தள்ளி வெச்ச மாதிரி ஆயிருமே! அந்த வாரம் போனை அணைச்சு வெச்சிருவோம். கதவைச் சாத்திருவோம்.”

தாய்மார்களே! சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பஸ்ஸிலே நான் அழுதேன். அவருக்குக் காரணம் தெரியவில்லை. மறுபடியும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். “நான்தாம்மா அந்த ஆபீசர்” என்று சொல்ல எனக்கு மூன்று வளைவு பிடித்தது. சொன்னேன். அந்த அம்மாள் தோளை நகர்த்திக்கொள்ளவில்லை. அதுதான் இந்த மலை.

அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக என் தவற்றை நானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். “காலம் கடந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம்” என்றார்கள். அடுத்த முறை விண்ணப்பித்தோம். “ஒரு தலைவிதான் இருக்கலாம்” என்றார்கள். நானும் இமானுவேலும் விதிப்புத்தகத்தை நான்கு நாள் புரட்டினோம். தலைவி கையெழுத்திட வேண்டும் என்று இருந்ததே தவிர, ஆண்டு முழுவதும் அவரே தலைவியாக இருக்கவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை! சண்டை போட்டேன். வாரவாரியாகப் பன்னிரண்டு தலைவிகளின் பட்டியலை விண்ணப்பத்தோடு இணைத்தேன். எந்த வாரம் கையெழுத்தோ, அந்த வாரத்துத் தலைவி போடவேண்டும் என்று எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கினேன். கோபக்காரியாக இருப்பதில் இந்த ஒரு நன்மை உண்டு.

இதற்கிடையில் இந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா? இல்லை! பேளுக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் வித்யாஸ்ரீ, வணிகம் படித்தவர், எங்கள் பயிற்றுநராக மேலே வந்தார். எழுந்து நில் கண்ணு, எல்லாரும் பார்க்கட்டும். உட்கார்ந்துகொள். இவர் வந்து பார்த்தபோது, இவர்கள் கையாலேயே குத்திய சாமை அரிசி வெற்று உறையில் இருந்தது. வாயில் ரப்பர் பேண்டு. பெயரில்லை, ஊரில்லை, எண்ணில்லை. “ஏனுங்கக்கா, வாங்கறவங்க மறுபடியும் வாங்கோணும்னா யாரைத் தேடுவாங்க?” என்று கேட்டார். ஒரு முகத்தைப் படம்பிடித்துப் பொட்டலத்தில் போடலாம் என்றார். யார் முகம் என்று அத்தாயி கேட்டார். அங்கேயும் பன்னிரண்டு பேர்! கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்த வாரம் புடைத்ததோ, அந்த வாரக்காரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சுக்கட்டையால் குத்தினார்கள்.

நாமக்கல்லில் கடை போட்டார்கள். கூவி விற்க இவர்களுக்கு வாய் வரவில்லை. பொங்கல் வைத்து ஆளுக்கொரு தொன்னையில் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் அழைத்தார்கள். ராசிபுரத்து ஆசிரியை ஒருவர், “போன தடவை ஒரு கல்லுகூட இல்லைங்க, ரொம்ப நல்லா இருந்தது” என்று பாராட்ட, வெள்ளையம்மாள் சொல்லியிருக்கிறார்: “அது எம்பட வாரம் இல்லீங்க. அத்தாயி வாரம். அவகிட்டயே சொல்லிடறேன்.” விளம்பரத்துக்கு நட்சத்திரத்தைத் தேடி அலைகிறவர்களே, இதைவிட நம்பிக்கை தருகிற விளம்பரம் எங்கே கிடைக்கும்? அந்த ஆசிரியை சொல்லி, ஒரு மாணவர் விடுதி மாதம் இருநூறு கிலோ கேட்கிறது! அந்த வாரக்காரி கையால் குத்தி, முறத்தால் புடைத்தால் ஒரு நாளைக்கு நான்கு கிலோதான் தேறும். தோள்பட்டை தேய்ந்துவிடும். அதற்குத்தான் இயந்திரம். அதற்குத்தான் இந்த ஆணை.

சரி, ஆணை வந்துவிட்டது. விழாவுக்கு நாள் குறித்தோம். யார் குறித்தது? அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்கள் குறித்தோம். இது யாருடைய வாரம் என்று பார்த்தோமா? இந்த ஊரில் ஒருவரைக் கேட்டோமா? பட்ட பிறகும் புத்தி வந்ததா எங்களுக்கு? இன்று காலை வந்து இறங்கி, “தலைவி யாருங்க?” என்று கேட்டபோது பதினொரு பெண்களும் தலை குனிந்துகொண்டார்கள். அத்தாயிதான் சொன்னார், “இது சிலம்பாயி வாரமுங்க” என்று.

ஆமாம். கதவு சாத்திய வாரம். போன் அணைந்த வாரம். மாசியில் ஒன்று, வைகாசியில் ஒன்று, இந்த ஆவணியில் மூன்றாவது. பதினொரு பேரில் யாராவது ஒருவர் போட்டுவிடுங்கள் என்று எங்கள் மேலதிகாரி கெஞ்சிப் பார்த்தார். ஒருவர்கூடப் பேனாவைத் தொடவில்லை. “மெசினு போனாப் போவுதுங்க. அவ இல்லாம நாங்க வாங்கி என்ன பண்ண?” என்றார் வெள்ளையம்மாள். ஓராண்டு உழைப்பு போகும் என்று தெரிந்தே சொன்னார், ஐயா! கூட்டுத்தொழில் என்று நாங்கள் புத்தகத்தில் எழுதுகிறோமே, அதை இவர்கள் கட்டிக் காக்கிறார்கள்.

மணி என்ன? நாலே முக்காலா? நல்லது.

சிலம்பாயி இங்கேதான் இருக்கிறார், ஊரே கூடியதால் அவரும் ஓரமாக வந்து நிற்கிறார். பலாமரத்துக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை. திரும்பிப் பார்க்காதீர்கள்! யாரும் திரும்பாதீர்கள்! அவர் கூச்சப்படுவார்.

சிலம்பாயி அவர்களே! நான் இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் காட்டுக்குப் போய்விட்டீர்கள். வருத்தம் தெரிவித்ததாகச் சொல்லச் சொல்லி மற்றவர்களிடம் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு பெரிய மனுஷி நான், பாருங்கள்! சத்தம் போட்டது என் வாயாலேயே. மன்னிப்பு மட்டும் ஆள் வழியாக! அதனால் இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னீர்கள். தவறு முழுக்க என்னுடையது. மார்கழியில் அறுத்த சாமை உமியோடு போனதும் என்னால். மூன்று வாரம் உங்கள் குழுவின் கதவு சாத்தியதும் என்னால். நீங்கள் வீட்டுக்குள் இருந்த இந்த ஒன்பது மாதத்தை என்னால் திருப்பித் தர முடியாது. மானியத்தில் அதற்குத் தலைப்பு இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள், அம்மா.

நீங்கள் மேடைக்கு வரவேண்டாம். நான் வருகிறேன். மணிவண்ணன் அண்ணே, மைக் ஒயரை விட்டுக் கொடுங்கள். வழி விடுங்கள் ஐயா. குழந்தையைக் கொஞ்சம் நகர்த்துங்கள் அம்மா.

இதோ வந்துவிட்டேன். வணக்கம், சிலம்பாயி அம்மா. அழாதீர்கள். சரி, அழுங்கள், நானும் அழுகிறேன். இதோ ஆணை. இதோ பேனா. இந்த இடத்தில்...

என்ன? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். நானே சொல்கிறேன். அவர் சொல்கிறார்:

“அதுல என்ன எழுதீருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்கம்மா. கேட்டுப்போட்டு அப்புறம் போடறேன்.”

இப்போது தட்டுங்கள் கையை! நன்றாகத் தட்டுங்கள்! மேடையில் இருக்கும் அலுவலர்களே, பாருங்கள், விசாரணை என்றால் இதுதான். படிக்கிறேன் அம்மா, முழுவதும் படிக்கிறேன். உமி நீக்கும் இயந்திரம் ஒன்று. கல் நீக்கும் இயந்திரம் ஒன்று. பொட்டலக் கருவி ஒன்று. ஆறு வாரத்துக்குள் வந்து சேரும். பொருத்துவதற்கு ஆள் அலுவலகமே அனுப்பும்.

அடுத்த கேள்வி கேட்கிறார். “பன்னெண்டு பேரு பேரும் இருக்குதுங்களா?” என்கிறார். இருக்கிறது அம்மா. ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டுமாம். ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, படிக்கிறேன். அத்தாயி. வெள்ளையம்மாள். மூன்றாவது... மூன்றாவது சிலம்பாயி. விரல்விட்டு எண்ணுகிறார், கொஞ்சம் அமைதியாக இருங்கள். பாவாயி. நல்லம்மாள். கருப்பாயி. பொன்னி. சின்னப்பொண்ணு. காளியம்மாள். தங்காயி. ராக்கம்மாள். குப்பாயி. பன்னிரண்டு. சரிதானே அம்மா?

தலையாட்டிவிட்டார். பேனாவை வாங்கிக்கொண்டார். யாரும் தள்ளாதீர்கள், கை அசையக்கூடாது.

போட்டுவிட்டார்!

ஐயா செல்லமுத்து அவர்களே, கையெழுத்து விழுந்துவிட்டது. மணி நான்கு ஐம்பத்தைந்து. இந்த மலையின் சிறுதொழில்கள் வளர மானியம் வேண்டும், சந்தை வேண்டும், விளம்பரம் வேண்டும், எல்லாம் வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், கொடுக்க வருகிறவன் கேட்டுத் தெரிந்துகொள்கிற பொறுமை வேண்டும். அதை எனக்கு இன்று இவர் சில நிமிடத்திலேயே செய்து காட்டினார். தலைமை தாங்கிய ஐயாவுக்கும், பேனாவைத் தொட மறுத்த பதினொரு சகோதரிகளுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாரையும் வணங்கி விடைபெறுகிறேன்.

இல்லை, கொஞ்சம் இருங்கள். நான் போகக்கூடாதாம். இந்த வாரம் சாத்திக் கிடந்த வேலை அறையின் சாவியைக் கொண்டுவரச் சொல்லி அத்தாயியை அனுப்பியிருக்கிறார் தலைவி. கதவைத் திறந்து கூட்டிப்பெருக்க ஆள் வேண்டுமாம், என்னையும் வரச்சொல்கிறார். வாரேனுங்க, அம்மா. வணக்கம்!